தங்கள் பொறுமைக்கு நன்றி

பொதுச் சேவை இணையதள இயக்ககத்தின் தளம் இதுவரை ஒருநாளும் முடங்கியதில்லை. இதை இயக்ககமே பலமுறை அறிக்கை விட்டுச் சொல்லியிருக்கிறது. ஆகவே நாம் நம்பித்தான் ஆகவேண்டும். மக்களின் கைப்பேசிகளில் அது திறக்காமல் போனது உண்டு. அது மக்களின் கைப்பேசிகளைப் பற்றிய செய்தி. தளத்தைப் பற்றியது அல்ல.

அப்படித் திறக்காதபோது ஒரு பக்கம் வரும். இளநீலப் பின்னணி. நடுவில் இயக்குநர் நெஞ்சில் கை வைத்துச் சிரிக்கும் படம். கீழே வளைந்து நெளிந்த எழுத்தில் ‘தங்கள் பொறுமைக்கு நன்றி’. மூலையில் பொடியாக ஓர் எண். இந்தப் பக்கத்தை வடிவமைக்க ஒரு குழுவும், நீலம் எவ்வளவு இளநீலமாக இருக்கலாம் என்று முடிவுசெய்ய ஒரு துணைக்குழுவும் உட்கார்ந்தன. சிறந்த பக்கத்துக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. அந்தத் தளத்தில் வேறு எந்தப் பக்கத்தையும் யாரும் அதிகம் பார்த்ததில்லை என்பதால் போட்டி கடுமையாக இருந்திருக்காது.

பிரேக் அக்கா காலையிலிருந்து அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பாதி ஆயுள் அதன்மேலேயே கழிந்ததால் இந்தப் பெயர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றார்கள். பயம் வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். அன்று காலையிலிருந்து மிதித்துக்கொண்டே இருந்தது.

அவருடைய தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அக்கா ஒன்றைத் தருகிறார். பரிசோதனையெல்லாம் முடிந்து, பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முறையும் வந்துவிட்டது. முறை வந்தால் மட்டும் போதாது. கொடுப்பவர் தளத்துக்குப் போய், அன்று மாலை ஐந்து மணிக்குள் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இல்லையென்றால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். இவர்கள் வரிசையின் வாலுக்குப் போகவேண்டும். வாலிலிருந்து மறுபடி ஏறி வருகிறவரை உங்கள் தம்பி தாங்கமாட்டான் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

“நேர்லயே வந்து கையெழுத்துப் போட்டுத் தரேனே, கிட்னியே தரேன், கையெழுத்துத் தரமாட்டேனா?” என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தார்.

“சிஸ்டத்துல வரணும்மா,” என்றார்கள்.

சிஸ்டத்தில் இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அக்கா, காரை எடுத்துக்கொண்டு இயக்ககத்துக்கே வந்து சேர்ந்தார்.

கீழே பெரிய கூடம். தன்னைப்போலவே கைப்பேசியை வெறித்தபடி வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். முதல் வேலையாகத் தகவல் மேசைக்குப் போனார். அங்கே ஒரு அம்மாள் நகத்துக்குச் சாயம் பூசி ஊதிக்கொண்டிருந்தார்.

“தளம் திறக்கலைங்க.”

“புகாரா?”

“ஆமா.”

“தளத்துல போய்ப் பதிவு பண்ணுங்க.”

“அதுதாங்க திறக்கலை.”

“அதையும் சேர்த்தே எழுதலாம். கடைசியில ‘இதர’ன்னு ஒரு கட்டம் இருக்கும்,” என்றார் அந்த அம்மாள், உதவி செய்த திருப்தியோடு. பிறகு மனமிரங்கி, “மூலையில என்ன நம்பர் வருது? ஐந்நூத்தி ரெண்டுன்னா இடது கவுன்டர். ஐந்நூத்தி நாலுன்னா வலது கவுன்டர்,” என்றார்.

ஐந்நூற்று இரண்டு. இடது வரிசை கூடத்தைச் சுற்றிப் படிக்கட்டுவரை நீண்டிருந்தது. நின்றார். அக்காவின் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் மின்சாரம் உள்ள ஒரே பிளக் துளையின் பக்கத்தில் சாதுவான ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மீன்தொட்டி விற்கிறவராம். அவருடைய மகளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. அவருக்கும் அன்று ஐந்து மணிதான் கெடு.

“என்னோடதைப் போட்டுக்கங்க தங்கச்சி,” என்று தன் சார்ஜரைக் கழற்றி நீட்டினார். “எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“வேணாம்ணே, உங்களுக்கும்தானே வேணும்?”

“ஒண்ணும் ஆகாது. இப்ப சரியாயிடும்னு மைக்ல சொன்னாங்களே.”

மைக் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. தளம் சிறப்பாக இயங்கிவருகிறது, காத்திருப்பவர்கள் ஒத்துழைக்கவும் என்று. மீன்தொட்டிக்காரர் ஒவ்வொரு முறையும் மைக்கைப் பார்த்துத் தலையாட்டினார். எதிரே நின்று பேசுகிற மனிதருக்குத் தருகிற மரியாதையை அதற்கும் தந்தார்.

அக்கா கவுன்டர் முனைக்கு வந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. கைப்பேசியை நீட்டினார். அங்கே இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“இது ஐந்நூத்தி நாலும்மா.”

“இவ்வளவு நேரம் ரெண்டாத்தாங்க இருந்துச்சு!”

“இப்ப நாலா இருக்கே. அந்தப் பக்கம் போங்க.”

“ரெண்டுக்கும் நாலுக்கும் என்னங்க வித்தியாசம்?”

“ரெண்டுன்னா, வாசல்ல இருக்கற மெஷின் உள்ளே இருக்கற மெஷினைக் கேட்குது, உள்ளே இருக்கறது உளறுது. நாலுன்னா, உள்ளே இருக்கறது வாயே திறக்கலை. உளறலுக்கு நான். மௌனத்துக்கு அவர்.” வலது கவுன்டரைக் காட்டினார்.

வலது கவுன்டரில் முறை வந்தபோது மௌனம் கலைந்து மறுபடி உளறல் ஆகியிருந்தது. அக்கா திரையைத் திருப்பிக் காட்டினார். கால் தரையை மிதித்தது. அந்தக் கவுன்டர்காரர் கொஞ்சம் நல்லவர், யோசித்து, “மாறி மாறி வருதுன்னா அது கலப்புப் பிழை. கலப்புப் பிழைக்குத் துணை இயக்குநர்தான் அதிகாரி. மாடிக்குப் போங்க,” என்றார்.

படியில் ஏறும்போது தம்பி கூப்பிட்டான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அக்கா, ஆச்சா?”

“ஆயிடும்டா. ஆபீசுக்குள்ளேயே வந்துட்டேன்ல?”

“நர்ஸ் மேசைத் திரையில என் பேருக்குப் பக்கத்துல சிவப்புப் புள்ளியாவே இருக்காம். நீ அழுத்தினா பச்சையாகுமாம். அடுத்த ஆளோட வீட்டுக்காரங்க இப்பவே வந்து உட்கார்ந்துட்டாங்கக்கா. அந்தத் திரையையே பார்த்துட்டிருக்காங்க. பாவமாவும் இருக்கு, பயமாவும் இருக்கு.”

“நீ அதைப் பார்க்காதே. படு.”

துணை இயக்குநரின் அறையில் நாற்காலிக்குப் பின்னால், தலைவர்கள் படம் மாட்டும் இடத்தில், கண்ணாடி போட்ட ஒரு தாள் தொங்கியது. அதன்மேல் ஒரு குட்டி விளக்கு வேறு எரிந்தது. அக்கா அதையே பார்ப்பதைக் கண்டு துணை இயக்குநருக்கு உற்சாகம் வந்தது.

“படிச்சுப் பாருங்க. நம்ம சர்வர் எப்படி நடந்துக்கணும்னு அதுக்குச் சொல்ற அமைப்புக் கோப்பு. திறப்பு விழா அன்னிக்கு அச்செடுத்து, விருந்தினர் கையாலேயே திரை விலக்கித் திறந்தோம். அன்னிலேருந்து ஒரு எழுத்துக்கூட மாறலை. மத்த ஊர்கள்ல எல்லாம் வாரத்துக்கு ஒருதடவை மாத்திக்கிட்டே இருப்பாங்களாம். நிலையான நிர்வாகம் இல்லைன்னா அப்படித்தான்.”

“சார், எனக்கு அஞ்சு மணிக்குள்ள—”

“அதுல ஏழாவது வரியைப் பாருங்க. ஒரே சமயத்துல எத்தனை பேரை உள்ளே விடலாம்னு எல்லை. எப்படி முடிவு பண்ணினோம் தெரியுமா? பெரிய விவாதம். கடைசியில, திறப்பு விழா மண்டபத்துல எத்தனை நாற்காலி போட்டிருக்கோமோ அத்தனைன்னு வச்சோம். யாரும் நிக்கக் கூடாது பாருங்க.”

“ஊரே வருதேங்க. நாற்காலியைக் கொஞ்சம் கூட்டிப் போடக் கூடாதா?”

துணை இயக்குநர் அதிர்ந்துபோய்க் கண்ணாடித் தாளைப் பார்த்தார். அதன் காதில் விழுந்துவிட்டதோ என்று பயந்தவர்போல இருந்தது. “அப்படின்னா கண்ணாடிக்குள்ள இருக்கறது பொய்யாயிடுமேம்மா. அதை இறக்கி, புதுசா அச்செடுத்து, மறுபடி விழா எடுத்து… சாதாரண விஷயமா?”

“சரி, அணைச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்களேன். கார்கூட நின்னுபோச்சுன்னா அதைத்தான் பண்றோம்.”

“அதுக்குப் பேரு மீள்துவக்கம். அதுக்கு ஒரு குழு இருக்கு. எந்தக் குறையும் இல்லை. குழு கூடணும்னா உறுப்பினர்களுக்கு அழைப்பு போகணும்.”

“அனுப்புங்க சார்.”

“தளத்துலேருந்துதாம்மா போகும்,” என்றார் துணை இயக்குநர். சொன்னபிறகு அவருக்கே ஏதோ இடறியிருக்க வேண்டும். அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற விதமும் அவருக்குப் பிடிக்கவில்லை. “மொத்தத்துல தளம் ஓடலைன்னு நீங்க சொல்றதே தப்பு. வாங்க, ஓடுறதைக் கண்ணால காட்டுறேன்,” என்று எழுந்தார்.

இயக்குநரின் அறை குளிர்ந்து கிடந்தது. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. அதில் தளம் திறந்திருந்தது. அக்கா அப்படியே நின்றுவிட்டார். முகப்பு, சேவைகள், ‘சம்மதம்’ பக்கம், எல்லாம் தொட்டதும் திறந்தன. காலையிலிருந்து தாகத்தில் கிடந்தவருக்கு முன்னால் குழாயைத் திறந்துவிட்டதுபோல இருந்தது.

இயக்குநர் படத்தில் இருப்பதைவிட வயதானவர். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. “நான் தினமும் காலையில வந்ததும் திறந்து பார்ப்பேன்மா. ஒருநாள்கூட ஏமாத்தினதில்லை. மக்கள் ஏன் புகார் சொல்றாங்கன்னு எனக்கு நிஜமாவே புரியலை. பழக்கம் இல்லாததால இருக்கலாம்.”

“சார், இங்கேயே அழுத்திக்கட்டுமா? எனக்கு இதுதான் சார் வேணும்.”

“தாராளமா.”

அக்கா பதிவு எண்ணை அடித்தார். அவசரத்தில் இருமுறை தப்பாக அடித்தார். ‘சம்மதம்’ அழுத்தினார். கண் இமைப்பதற்குள் பெரிய பச்சை டிக் வந்தது. ‘உறுதி செய்யப்பட்டது.’ அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. இயக்குநர் மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டையை நகர்த்தி வைத்தார். புகார்காரர்கள் அழுவது அவருக்குப் பழக்கம், நன்றியில் அழுவது புதிது.

தம்பியைக் கூப்பிட்டார். “ஆயிடுச்சுடா! நர்ஸைப் பார்க்கச் சொல்லு!”

அவன் நர்ஸைக் கூப்பிட்டு விசாரிப்பது கேட்டது. பிறகு, “அக்கா… இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டாங்க.”

“ஆஸ்பத்திரித் திரையில கோளாறு,” என்றார் இயக்குநர்.

“கண்டிப்பா,” என்றார் துணை இயக்குநர்.

அக்கா திரையைத் திரும்பப் பார்த்தார். டிக் இருந்தது. தம்பி பெயர் இல்லை. யார் பெயரும் இல்லை. “யாருக்கு உறுதியாச்சுன்னே இதுல வரலையே சார்?” என்றார்.

“கீழ்த்தளத்தை மேலே வரச் சொல்லுங்க,” என்றார் இயக்குநர்.

கீழ்த்தளம் என்பது ஒரு மனிதர். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர். கட்டடத்தின் அடியில் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சம்பள நாளில் மட்டும்தான் கேட்க முடியும். அவர் வந்து கதவோரம் நின்றார். அக்காவின் கேள்வியை அவரிடம் சொன்னதும் முகம் வெளிறியது.

“சொல்லுங்க. இது ஓடுதா, இல்லையா?” என்றார் இயக்குநர்.

“இது… ஓடும் சார்.”

“பார்த்தீங்களா?”

அக்கா விடவில்லை. “சார், தப்பா நினைக்காதீங்க. இந்த அறைக்கு வெளியே போய், உங்க சொந்தப் போன்ல ஒரே ஒரு தடவை திறந்து பாருங்க. அது போதும் எனக்கு.”

இயக்குநர் பெருந்தன்மையாக எழுந்தார். பதவியேற்ற பிறகு அவர் அந்த வராந்தாவில் நின்றது அபூர்வம். அங்கே உட்கார்ந்திருந்த உதவியாளர் பதறி எழுந்து நாற்காலியைத் தட்டிவிட்டார். இயக்குநர் கைப்பேசியில் தளத்தைத் திறந்தார். காத்திருந்தார். அவருடைய படம் வந்து அவரைப் பார்த்துச் சிரித்து, பொறுமைக்கு நன்றி சொன்னது.

“அட! விருது வாங்கின பக்கம்,” என்றார் மகிழ்ச்சியோடு. “அழகாத்தான் இருக்கு. ஆமா, இது ஏன் என் அறையில வரலை?”

துணை இயக்குநர் கீழ்த்தளத்தைப் பார்த்தார்.

“மக்களுக்கு மட்டும் இது வருதா? எப்பெல்லாம் வருது?”

“அவ்வப்போது சார்,” என்றார் துணை இயக்குநர்.

“எப்பவும் சார்,” என்றார் அக்கா.

இயக்குநரின் சிரிப்பு மெல்ல இறங்கியது. நாளை மேலிடத்திலிருந்து தளத்தைப் பார்வையிட வருகிறார்கள். அவர்கள் கையிலும் கைப்பேசி இருக்கும் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு வந்தது. கீழ்த்தளத்தின் பக்கம் திரும்பினார். “என்னய்யா இது?”

கீழ்த்தளம் தரையைப் பார்த்துச் சொன்னார். “ஒருதடவை உங்க அறையில தளம் மெதுவாத் திறந்துச்சுன்னு எங்க ஆளுங்களைத் தூக்கி அடிச்சீங்க சார். அதுக்கப்புறம் உங்களுக்குன்னு தனியா ஒரு சர்வர் வச்சுட்டோம். அந்த அறையிலேருந்து பார்த்தா அதுதான் வரும். உங்க போனும் அறைக்குள்ள இருந்தா அதைத்தான் காட்டும்.”

“என்னோட சர்வர் எப்பவாவது விழுந்திருக்கா?”

“விழாது சார். விழறதுக்கு அதுல ஒண்ணும் இல்லை. யாரு என்ன அழுத்தினாலும் பச்சை டிக் காட்டும். எதையும் எழுதி வைக்காது. நிஜமான வேலையெல்லாம் பழைய சர்வர்ல—”

“விழாது,” என்றார் இயக்குநர். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. முகத்தில் ஒளி வந்துவிட்டது. “பாருங்க, இத்தனை நாளா எவ்வளவு பெரிய அநீதி நடந்திருக்கு! எனக்கு ஒண்ணு, மக்களுக்கு ஒண்ணா? நான் அதிகாரி, அவங்க சாமானியங்கன்னு சர்வர்ல வித்தியாசம் பார்க்கலாமா? இந்த நிமிஷத்துலேருந்து நான் எதைப் பார்க்கிறேனோ அதையேதான் ஊர்ல ஒவ்வொருத்தரும் பார்க்கணும். எல்லாரையும் என் சர்வருக்குத் திருப்பிவிடு.”

துணை இயக்குநர் கைதட்டினார். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது.

“ஐயோ சார், அது பொய் டிக் சார்!” என்று அக்கா கத்தினார். “எங்க தம்பி உசுரு சார்!”

“அம்மா, உங்களோடது ஒரே ஒரு புகார். இப்படிப் பண்ணினா இனி ஊர்லேருந்து ஒரு புகாரும் வராது. எது பெரிசு?” என்றார் இயக்குநர் கனிவாக. பிறகு அறைக்குள் போய்விட்டார். துணை இயக்குநர், கண்ணாடித் தாளில் கைவைக்காமல் வாசல் மெஷினை மட்டும் திருப்பினால் போதுமா என்று உறுதிசெய்துகொண்டு, அறிவிப்பு எழுதப் போனார்.

கீழ்த்தளம் படியிறங்கினார். அக்கா அவர் பின்னாலேயே போனார். கதவில் ‘அந்நியர் நுழையக் கூடாது’ என்று எழுதியிருந்தது. இரண்டு பேருமே அதைப் படிக்கிற நிலையில் இல்லை. உள்ளே பழைய சர்வரின் மின்விசிறி இரைப்புக்காரரைப்போல இரைந்துகொண்டிருந்தது. கீழ்த்தளம் உட்கார்ந்து ஒரு வரியை மாற்றினார். ஒரே வரி. பொத்தானைத் தட்டினார்.

மேலே கூடத்தில் முதலில் ஒருவர், பிறகு பலர், பிறகு எல்லோரும் கூச்சலிடுவது கேட்டது. ஆனந்தக் கூச்சல். எல்லாருடைய கைப்பேசியிலும் தளம் திறந்துவிட்டது.

அக்கா சுவரில் சாய்ந்தார். ஐந்து மணிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. இனி யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை. அப்போதுதான் அறையில் ஏதோ குறைந்ததுபோலத் தோன்றியது.

“என்னங்க, சத்தம் நின்னுபோச்சு?”

கீழ்த்தளமும் திரும்பினார். பழைய சர்வரின் இரைச்சல் அடங்கியிருந்தது. அவர் திரையைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “யாருமே இல்லை மேடம். எல்லாரையும் அங்கே திருப்பிட்டோம்ல? இது சும்மா கிடக்கு.” குரல் இறங்கியது. “நல்லா இருக்கு. நல்லா ஓடுது.”

“நான் போக முடியுமா?”

அவர் கதவைப் பார்த்தார். பிறகு, வாசல் மெஷினைச் சுற்றிக்கொண்டு நேரே பழைய சர்வருக்குப் போகும் எண் முகவரியைச் சொன்னார். அக்கா கைப்பேசியில் அடித்தார். பக்கம் திறந்தது. பதிவு எண்ணைப் போட்டதும் தம்பியின் பெயர் முழுதாக வந்தது, அப்பா பெயரோடு. காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவன் பெயரை மதித்து எழுதியது அது ஒன்றுதான். ‘சம்மதம்.’ வட்டம் சுற்றியது. அக்காவின் கால் தரையை அமுக்கிக்கொண்டே இருந்தது. பச்சை டிக் வந்தது.

டிக்கை அவர் நம்பவில்லை. தம்பி கூப்பிடும்வரை மூச்சும் விடவில்லை.

“அக்கா! பச்சையாயிடுச்சு! அக்கா, கேட்குதா? பச்சை!”

“கேட்குதுடா தங்கம், கேட்குது,” என்று சொல்லிவிட்டு அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மடியில் கைப்பேசி. அதிலிருந்து ஒரு வயர் தொங்கியது. மீன்தொட்டிக்காரரின் சார்ஜர்.

“மேலே கூடத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் பொய்த் தகவலாங்க?” என்றார் எழுந்துகொண்டே.

“நான் பிள்ளைகுட்டிக்காரன் மேடம்.”

“அவங்களும்தான். இந்த முகவரியைச் சொல்லட்டுமா?”

“ஒருத்தர் ரெண்டு பேருன்னா தாங்கும். ஊருக்கே சொன்னீங்கன்னா மறுபடி விழுந்துரும். நாற்காலிக் கணக்கு அப்படியேதானே இருக்கு?”

“அதை மாத்துங்களேன்!”

“கண்ணாடிக்குள்ள இருக்கறது மேடம்,” என்றார் கீழ்த்தளம். அவருடைய கை விசைப்பலகைப் பக்கம் ஒருமுறை போய்த் திரும்பி வந்தது.

அக்கா மேலே ஓடினார். கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. தகவல் மேசை அம்மாளுக்கு ஒருவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். மைக் புது அறிவிப்பு வாசித்தது: “தளம் சிறப்பாக இயங்கிவருகிறது. ஒருமுறை உறுதி செய்தவர்கள் மறுமுறை முயல வேண்டாம். மறுமுறை முயன்றால் முந்தைய உறுதி ரத்தாக நேரிடலாம்.” துணை இயக்குநரின் கைவண்ணம். கூட்டம் திரும்பி வந்துவிடக் கூடாதல்லவா?

மீன்தொட்டிக்காரர் எதிரே பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தார். அக்கா சாலையைக் கடந்தார்; மாணவர்களை எதற்காகத் திட்டுவாரோ அதையெல்லாம் செய்துகொண்டே கடந்தார். கிளம்பிய பேருந்தின் படியில் தொற்றி ஏறினார்.

“அண்ணே!”

“தங்கச்சி! உங்களுக்கும் வந்துடுச்சா?” அவர் முகமெல்லாம் சிரிப்பாகத் தன் டிக்கைக் காட்டினார். பேருந்தில் இருந்த பாதிப் பேர் கூடத்திலிருந்து வந்தவர்கள், அவர்களும் காட்டினார்கள்.

“அது பொய்ண்ணே. அதுல உங்க பொண்ணு பேரு இருக்கா, பாருங்க. வேற முகவரி சொல்றேன், மறுபடி அழுத்துங்க. சீக்கிரம்.”

அவர் கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “மறுபடி அழுத்தினா ரத்தாயிடும்னு மைக்ல சொன்னாங்களேம்மா.”

“ஆஸ்பத்திரியில வீட்டுக்காரம்மா இருக்காங்கல்ல? கேளுங்க. நர்ஸ் திரையில புள்ளி என்ன நிறம்னு கேளுங்க.”

கேட்டார். பதில் வந்தது. அந்த மனிதரின் முகத்திலிருந்து சிரிப்பு போன விதத்தை அக்கா பார்க்க விரும்பவில்லை. அவர் கைப்பேசியை நீட்டினார். அக்கா எண் முகவரியை அடித்தார், உரக்கச் சொல்லிக்கொண்டே, அதுதான் தப்பாகிவிட்டது. முன்சீட்டுக்காரர் கேட்டு அடித்தார். பின்சீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். யாரோ ஊருக்கே அனுப்புவதற்காகச் செய்தியாகத் தட்டிக்கொண்டிருந்தார். மீன்தொட்டிக்காரரின் திரையில் வட்டம் சுற்றியது, திணறியது, நின்று நின்று சுற்றியது.

“எல்லாரும் கையை எடுங்க!”

பயிற்சிக் காரில், லாரி எதிரே வரும்போது மட்டும் வெளிவரும் குரல் அது. பேருந்து முழுவதும் கை எடுத்தது. சடாரென்று பேருந்தும் நின்றது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“பிரேக் அக்காவா? நான் என்னக்கா பண்ணினேன்?”

“உன்னை இல்லைடா. நிறுத்தினது நிறுத்தினதாவே இருக்கட்டும். யாருக்கும் அந்த முகவரியை அனுப்பாதீங்க, எல்லாரும் கவுத்து வைங்க போனை. ஒருத்தர் ஒருத்தரா. முடிஞ்சவங்க சொன்னதும் அடுத்தவங்க. தள்ளினா எல்லாருக்கும் போச்சு.”

வட்டம் சுற்றியது. பெண் குழந்தையின் பெயர் வந்தது. அவர் அழுத்தினார். மனைவி கூப்பிட்டு அழுதது ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்டது.

“அடுத்தது?” என்றார் அக்கா.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பேருந்துக்குள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் முடித்தார், அடுத்தவர் முடித்தார். அக்கா காலை ஊன்றியபடி நடுவில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையாட்டினார். இயக்ககம் ஒரு குழுவும் போடாமல் விட்ட காரியம், ஒரு வரிசை, அங்கே நடந்துகொண்டிருந்தது.

கடைசி இருக்கையில் ஒரு பெண், மடியில் படுத்திருந்த அம்மாவின் தலையைத் தாங்கியபடி இருந்தாள். எழுந்து வந்து கேட்க முடியாததால் அவளுடைய முறை கடைசியாக வந்தது. பதிவு எண்ணை அடித்தாள். அம்மாவின் பெயர் வந்தது. ‘சம்மதம்’ அழுத்தினாள். வட்டம் சுற்றத் தொடங்கியது.

“அக்கா, பின்னாடி போலீஸ் வருது. எடுக்கட்டுமா?” என்றார் ஓட்டுநர்.

“இன்னும் ஒருத்தங்க இருக்காங்க. பிரேக்கை விடாதே.”

தெருமுனைக் கடிகாரம் ஐந்து அடித்தது. கெடு முடிந்து வட்டம் நின்றது. திரை இளநீலமாகியது. இயக்குநர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். அந்தப் பெண் கைப்பேசியைத் திருப்பி, இது என்ன என்று கேட்பதுபோல அக்காவிடம் காட்டினாள். பேருந்தில் இருந்த எல்லோரும் அந்தச் சிரிப்பைச் சேர்ந்து பார்த்தார்கள்.

இயக்ககத்தின் ஒலிபெருக்கி அங்கேவரை கேட்டது. இன்று ஒரு புகாரும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் மெதுவாகப் பிரேக்கை விட்டார். அக்காவின் கால் அப்படியே ஊன்றியிருந்தது.